கூலி பேசிய கடவுள்

அம்மனிடம் கேட்கும்போது நம் நாக்குக்கு எந்தத் தடையும் இல்லை. மகனுக்கு வேலை, மகளுக்கு வரன், தீராத முதுகுவலிக்குச் சுகம், கட்டாருக்குப் போனவர் நல்லபடியாகத் திரும்ப வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். 'மாசி மகத்துக்கு வந்து நேர்த்தியைச் செலுத்திவிடுகிறேன் தாயே' என்று ஒரு வாக்கையும் கொடுத்துவிட்டு, மனம் இலேசாகி, மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் செருப்பைத் தேடுகிறோம். அதே மனிதர் மறுநாள் காலை கடை முதலாளியின் மேசைக்கு முன்னால் நின்று, 'சம்பளத்தைக் கொஞ்சம் கூட்டித் தாங்க' என்று சொல்ல வேண்டியிருந்தால், அதை மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறார். தீபாவளி போகட்டும் என்கிறார். பொங்கலும் போய்விடுகிறது. முதலாளியின் முகம் இன்றைக்குச் சரியில்லை என்கிறார்.

நிதானமாக நினைத்துப் பார்த்தால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்? அம்மனுக்கு நாம் ஒரு நாளும் வேலை செய்ததில்லை. அவளிடம் கேட்பதெல்லாம் அவளுடைய கருணையை நம்பிக் கேட்பது. முதலாளிக்கோ மாதம் முழுவதும் உழைத்திருக்கிறோம். அவரிடம் கேட்பது நாம் ஏற்கெனவே கொடுத்துவிட்ட ஒன்றுக்குரிய விலையை. கடன் கொடுத்தவர் கூசி நிற்க, வாங்கியவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிற நிலை இது. இந்தக் கூச்சம் எங்கிருந்து வந்தது என்று உள்ளே பார்ப்பதையும் நான் ஓர் ஆன்மிகப் பயிற்சியாகத்தான் நினைக்கிறேன். கண்ணை மூடி உட்கார்ந்துதான் மனத்தைப் பார்க்க வேண்டும் என்றில்லை. சம்பளம் கூட்டிக் கேட்கப் போகிற காலையில் மனம் தன்னை மறைத்துக்கொள்ள முடியாமல் முழுதாக வெளியே வந்து நிற்கிறது.

மாத்தளையில் அந்தக் கூச்சத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. கோப்பித் தோட்டக் காலத்தில் மதுரை, இராமநாதபுரம், திருச்சி, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து வந்தவர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே நாள்கணக்கில் நடந்து, தம்புள்ளை, நாலந்தை தாண்டி வந்து சேர்ந்த மலையடிவாரம் இது. கொலராவிலும் காய்ச்சலிலும் பலர் வழியிலேயே விழுந்தார்கள். பிழைத்தவர்கள் முதலில் தேடியது மாரியம்மனை. நெல் வயலாக இருந்த நிலம் 1852இல் கோயிலுக்குக் கிடைத்தது. 1874இல் நகரத்தார் உதவியோடு கோயில் எழுந்தது. 1983 கலவரத்தில் தீக்கு இரையாகி, மறுபடியும் எழும்பியது. இன்று 108 அடி இராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு, அதே இடத்தில் முதன்முதலாகக் கும்பிட்டவர்கள் எதைக் கேட்டிருப்பார்கள் என்ற எண்ணம் வருகிறதோ தெரியாது. உயிரோடு ஊர் திரும்ப வேண்டும் என்றுதான் பெரும்பாலும் கேட்டிருப்பார்கள். சம்பளம் அந்தப் பட்டியலில் இருந்திருக்காது. அம்மன் அதைத் தர மாட்டாள் என்பதால் அல்ல. அதைக் கேட்கலாம் என்ற நினைப்பே அப்போது ஆபத்தானது.

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தல் இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போகும் தொழிலாளிக்குச் சிறை. போகவும் முடியாது, இருந்து கேட்கவும் முடியாது. சம்பளம், ஆள் சேர்த்து மேய்த்த கங்காணியின் கை வழியாக வந்தது. அரிசிக்கும் முற்பணத்துக்கும் கழித்ததுபோக மிஞ்சியதே வந்தது. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால் 'துண்டு' என்ற சீட்டில் கடன் எழுதப்பட்டு ஆளோடு சேர்ந்து கைமாறியது. அந்த முறை 1921இல்தான் ஒழிந்தது. இப்படி இரண்டு மூன்று தலைமுறை வாழ்ந்தவர்களின் பிள்ளைகளுக்குக் கேட்பது என்றாலே தொண்டை வறண்டு போவதில் ஆச்சரியம் இல்லை. ஆகவே பயத்தால் கேட்காமலிருக்கிற ஒருவரைப் பார்த்து 'தைரியம் இல்லாதவர்' என்று சொல்லிவிடக் கூடாது. அந்தப் பயம் அவர் தேடிச் சேர்த்ததல்ல. சட்டம் செய்து கொடுத்த பயம், சட்டம் போன பிறகும் உடம்பில் தங்கிவிட்டது.

கூச்சத்துக்கு இரண்டாவது காரணம் நம் அறநூல்களை நாம் பாதி மட்டும் கேட்டுவைத்திருப்பது. இரப்பது இழிவு என்று சின்ன வயதிலிருந்தே காதில் விழுந்திருக்கிறது. வள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரமும், அதை அடுத்தே இரவச்சம் என்று ஓர் அதிகாரமும் வைத்தார். முதலாவதில் கேட்கத் தகுந்தவரைக் கண்டால் கேள் என்கிறார். இரண்டாவதில் கேட்காமல் இருப்பதன் பெருமையைப் பேசுகிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்த அவருடைய துணிவு எனக்கு எப்போதும் பிடிக்கும். ஆனால் அந்த இரண்டிலும் அவர் பேசுவது இல்லாதவன் உள்ளவனிடம் கை நீட்டுவதைப் பற்றி. உழைத்தவன் கூலி கேட்பதை அவர் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. முயற்சியைப் பேசும் வேறோர் இடத்தில், உடலை வருத்தியதற்குத் தக்க கூலி வந்தே தீரும் என்று தெய்வத்தையும் தாண்டி உறுதி சொல்கிறவர் அவர். பிறகு வந்த நாம்தான் இரப்பதையும் கூலி கேட்பதையும் குழப்பிக்கொண்டோம். சம்பள உயர்வு கேட்கிறவர் தன்னை இரப்பவராக நினைத்துக் குனிகிறார்; கேட்கப்படுகிறவர் தன்னை வள்ளலாக நினைத்துக்கொள்கிறார். இரண்டு பேரும் தவறான வேடத்தில் மேடையேறி நிற்கிறார்கள்.

'பார்த்துச் செய்யுங்க ஐயா' என்பது நம் ஊர் வழக்கம். மாத்தளைக் கடைத்தெருவில் புடைவைக் கடையில் நிற்கிற பிள்ளையும் சொல்லும், உக்குவளையில் மிளகும் கராம்பும் காயவைக்கிற அக்காவும் சொல்லுவா, தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மரக்கறி மூட்டை தூக்குகிறவரும் சொல்லுவார். தொகையைச் சொல்லாமல் முடிவை எதிரில் இருப்பவரின் மனச்சாட்சியிடம் விட்டுவிடுகிற மரியாதை அதில் இருக்கிறது. அதை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்துத் தடவையில் ஒன்பது தடவை அதற்குள் ஒளிந்திருப்பது மரியாதை அல்ல, தொகையைச் சொன்னால் பேராசை என்று நினைத்துவிடுவாரோ என்ற அச்சம். பிறகு, பார்த்துச் செய்தது போதாதென்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் புலம்புகிறோம். சொல்லாத தொகையைக் கொடுக்கவில்லை என்று ஒருவர் மேல் வஞ்சம் வளர்த்துக்கொள்வது அநியாயம். அந்த வஞ்சம் மெல்ல மெல்ல வேலையைக் கெடுக்கும், பிறகு தூக்கத்தை.

கூலியை முதலிலேயே பேசிக்கொள்வது நமக்குப் புதிதும் அல்ல. திருவிளையாடலில் வந்தி என்ற கிழவியின் கதை எல்லோருக்கும் தெரியும். வைகையில் வெள்ளம், வீட்டுக்கு ஒருவர் வந்து கரையை அடைக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு அவித்து விற்றுப் பிழைக்கிற வந்திக்கு ஆள் இல்லை. சுந்தரேசுவரர் கூலியாளாக வருகிறார், கையில் மண்வெட்டியும் தலையில் கூடையுமாக. அந்தக் கதையை அவர் அடிவாங்கிய இடத்திலிருந்துதான் நாம் வழக்கமாகச் சொல்கிறோம். எனக்கு அதற்கு முந்தைய காட்சி பெரிது. வந்த ஆள் வேலையில் இறங்கும் முன்பே கூலி என்ன என்று கேட்கிறார். 'பணம் இல்லையப்பா, பிட்டுத்தான் இருக்கிறது' என்கிறாள் அவள். அவளிடம் இருப்பது என்ன என்று பார்த்துவிட்டு, உதிர்ந்த பிட்டைக் கொடுத்தால் போதும் என்று ஒப்புக்கொள்கிறார். கடவுள் கூலி பேசுகிறார்! அண்டம் முழுவதையும் உடையவர், எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிப் பெருந்தன்மை காட்டவில்லை. கிழவியைத் தன்னிடம் கடன்பட்டவளாக ஆக்கவில்லை. அவளால் கொடுக்க முடிந்ததைக் கேட்டு, கொடுத்ததை வாங்கி, வயிறாரத் தின்று, அவளையும் நிமிர்ந்து நிற்க விடுகிறார்.

அதற்குப் பிறகு அந்தக் கூலியாள் செய்ததை எந்த முதலாளியிடமும் உதாரணமாகச் சொல்ல முடியாது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். முன்கூலி வாங்கித் தின்றுவிட்டு, ஆடினார், பாடினார், மர நிழலில் படுத்துத் தூங்கினார். அவரை இரண்டாம் நாள் யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். மன்னன் பிரம்பால் அடிக்க, அந்த அடி மன்னன் முதுகிலும் விழுந்தது, அரசியின் முதுகிலும் விழுந்தது, உலகத்து உயிர்கள் எல்லாவற்றின் மேலும் விழுந்தது. வேலை செய்கிறவனுடைய உடம்பு தனியாக ஓர் இடத்தில் இருக்கிறது, அதில் படுவது நம்மேல் படாது என்ற நினைப்பை இந்தக் கதை உடைப்பதுபோல வேறெதுவும் உடைக்கவில்லை. இந்தக் கதையைச் சுமந்துகொண்டு மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் மாத்தளை மலைகளில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்று 'கூலி' என்று கூப்பிடப்பட்டார்கள். கோயிலில் கதை கேட்கும்போது கும்பிட்ட பெயர் அது, காலையில் தோட்டத் துரையின் வாயில் வசையாக வந்தது.

கூலியை வழிபாட்டோடு சேர்த்துப் பேசும் இன்னொரு கதையை எனக்கு நினைவூட்டும் இடமும் பக்கத்தில் உண்டு. மாத்தளை நகரிலிருந்து தம்புள்ளை வீதியில் மூன்று கிலோமீற்றர் அளவில் அளுவிகாரை என்ற பௌத்தப் பாறைக்கோயில் இருக்கிறது. வலகம்பா மன்னன் காலத்தில், கிறிஸ்துவுக்கு முந்தைய முதல் நூற்றாண்டில், அதுவரை வாய்வழியாக ஓதப்பட்டு வந்த திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது அங்கேதான் என்பது பௌத்த மரபு. 1848 மாத்தளைக் கிளர்ச்சியை வெள்ளைக்காரர் அடக்கியபோது அங்கிருந்த சுவடிச்சாலை அழிந்துபோனது.  அந்தப் பாறைகளுக்கு நடுவே நடக்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது தீக நிகாயம் என்ற திரிபிடகப் பகுதியில் இருக்கிற சிகாலோவாத சூத்திரம். சிகாலன் என்ற இளைஞன் விடியற்காலையில் குளித்து ஈரத்துணியோடு ஆறு திசைகளையும் கும்பிடுகிறான். ஏன் என்று புத்தர் கேட்கிறார். அப்பா சாகும்போது சொன்னார், அதனால் செய்கிறேன் என்கிறான். கும்பிடு, ஆனால் இப்படிக் கும்பிடு என்று அவர் ஒவ்வொரு திசைக்கும் ஓர் உறவைக் கொடுக்கிறார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், மேலே துறவிகள். காலுக்குக் கீழே உள்ள திசை வேலையாட்கள்.

அந்தத் திசையை எசமானர் எப்படிக் கும்பிட வேண்டும்? பூவும் விளக்கும் வேண்டாம். பலத்துக்கு ஏற்ற வேலை கொடுக்க வேண்டும். உணவும் கூலியும் கொடுக்க வேண்டும். நோயில் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல பண்டம் கிடைத்தால் பங்கிட வேண்டும். உரிய காலத்தில் ஓய்வு கொடுக்க வேண்டும். இந்த ஐந்தும் வழிபாடு. கூலி இங்கே நிர்வாகக் கணக்கிலிருந்து பூசையறைக்குள் வந்துவிடுகிறது. வேலையாளுக்கும் ஐந்து கடமைகள் உண்டு. அவற்றில் ஒன்று, கொடுத்ததை மட்டும் எடுத்துக்கொள்வது. இதைக் காட்டி, 'பார், கொடுத்ததை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கச் சொல்கிறது' என்று யாராவது சொல்லக்கூடும். நான் அப்படிப் படிக்கவில்லை. கொடுக்காததை எடுக்காதே என்பது களவுக்கு எதிரான சொல். கேட்பதற்கு எதிரான சொல் அல்ல. சொல்லப்போனால், கேட்கும் வழி அடைபட்ட இடத்தில்தான் எடுக்கும் எண்ணம் முளைக்கிறது. இஸ்லாத்தில் உழைத்தவரின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிடச் சொல்லும் நபிமொழி உண்டு. பைபிளில் யாக்கோபு தன் நிருபத்தில், அறுவடை செய்தவர்களுக்குக் கொடுக்காமல் பிடித்துவைத்த கூலி தானே கூக்குரலிட்டுக் கடவுளின் காதை எட்டுகிறது என்கிறார். மாத்தளையில் ஒரே வீதியில் இந்த நான்கு மார்க்கத்தாரும் கடை வைத்திருக்கிறார்கள்.

கடையில் கேட்பது தனி ஆள் விஷயம். ஆனால் எல்கடுவை, இரத்தோட்டை, கம்மடுவைப் பக்கத்துத் தோட்டங்களில் கேட்பது தனி ஆள் விஷயமாக இருந்ததில்லை. அங்கே தனியாகக் கேட்டவருக்குக் கிடைத்தது 'பேர் இல்லை' என்பதுதான். அன்றைய வேலை அவருக்கு இல்லை. ஆகவே கூட்டமாகக் கேட்கக் கற்றார்கள். 1927இல் இந்தியத் தொழிலாளருக்கு ஆகக் குறைந்த சம்பளம் நிர்ணயிக்கும் சட்டம் வந்தது. 1940 ஜனவரியில், கண்டிக்கு அப்பால் முல்லோயாத் தோட்டத்தில், நாள் சம்பளத்தில் 16 சதம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். பதினாறு சதம். அந்தத் தொகையை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கணக்கு ஓடுவதில்லை. மனம் அப்படியே நின்றுவிடுகிறது. கொழுந்துக்கூடையைச் சுமந்த பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான நாள் சம்பளம் கிடைத்தது 1984 வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான். அதற்கு முந்தைய நூறு வருடங்களாக மலையில் ஏறியிறங்கிய கால்களில் ஏறத்தாழப் பாதி பெண்களுடையவை. அவளுடைய சம்பளத்தைக் கணவர் போய்க் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளும் வழக்கமும் நெடுநாள் இருந்தது. ஆக, அவள் இரண்டு இடத்தில் கேட்க வேண்டியிருந்தது: ஒன்று துரையிடம், மற்றது அடுப்படியில்.

அண்மைக் காலத்துக் கதை ஆயிரம் ரூபாய்க் கதை. 2015இல் தோட்டத் தொழிலாளருக்கு நாள் சம்பளம் ஆயிரம் வேண்டும் என்ற குரல் எழுந்தது. 2016 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500 ரூபாய். படிகளெல்லாம் சேர்த்தால் 730. 2018 ஒக்டோபரில் கொழும்பு காலிமுகத்திடலில் மலையக இளைஞர்கள் கறுப்பு உடையில் திரண்டார்கள். பலர் தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் அல்ல, கொழும்புக் கடைகளில் நிற்கிறவர்கள், தங்கள் தாய்க்காகக் கேட்க வந்தவர்கள். தனக்குக் கேட்கும்போது எழாத குரல் தாய்க்குக் கேட்கும்போது எழுகிறது என்பதை அன்று கண்டோம். 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது. 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக வர்த்தமானி வந்து ஆயிரம் கிடைத்தது. கேட்டு ஆறு வருடம். அடுத்த வருடமே நாடு கவிழ்ந்தது. டொலருக்கு 200 ரூபாயாக இருந்தது 360ஐத் தொட்டது. கையில் வந்த ஆயிரம், கேட்டபோது இருந்த ஆயிரம் அல்ல.

இதை அநித்தியம் என்று சொல்லி ஒரு பெருமூச்சோடு விட்டுவிடுகிற ஆன்மிகம் எனக்கு உடன்பாடில்லை. ஆறு வருடம் தாமதித்தவர் யாரோ, அந்தத் தாமதத்தின் இலாபம் யாருக்கோ போயிருக்கிறது. அதை விதியின் கணக்கில் எழுதக் கூடாது. ஆனால் கேட்டவர்களின் பக்கத்தில் நின்று பார்த்தால் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஆயிரம் கிடைத்த நாளோடு கேட்பது முடிந்துவிடவில்லை. அவர்களும் அப்படி எதிர்பார்க்கவில்லை. 2024இல் 1,700 என்று அறிவித்தார்கள், வழக்குகள், இழுபறி, செப்டெம்பரில் 1,350 அடிப்படையாக நின்றது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் 1,550 அடிப்படையும், நாள் தவறாமல் வேலைக்கு வருவதற்கு அரசு கொடுக்கும் 200ம் சேர்ந்து 1,750 ஆனது. பல தடவை கேட்டதைவிடக் குறைவாக, ஒவ்வொரு தடவையும் கேட்ட காலத்தைவிடப் பிந்தி. கசந்துபோகாமல் மறுபடி கேட்க ஒரு மனப்பக்குவம் வேண்டும். அதை நான் மடங்களில் அவ்வளவாகப் பார்த்ததில்லை.

போதும் என்ற மனம் பொன்செய்யும் மருந்து என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், மருந்துதான். ஆனால் அதை யார் யாருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது துறவு. சம்பளம் கொடுக்கிறவர் சம்பளம் வாங்குகிறவரைப் பார்த்துச் சொன்னால் அது சிக்கனம், அதுவும் அடுத்தவர் வயிற்றில் செய்கிற சிக்கனம். 'உனக்கென்ன குறை, இருக்கிறதை வைத்துச் சந்தோஷமாக இரு' என்று உபதேசிக்கிற முதலாளி, தன் கடைக்கு மிளகு கொண்டுவருகிறவரிடம் இலாபம் போதும் என்று சொல்லி நிறுத்திக்கொண்டதை நான் கேள்விப்பட்டதில்லை.

அப்படியானால் கேட்கப் போகிறவர் எப்படிப் போக வேண்டும்? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். முதலில் ஒப்பீட்டை வீட்டில் விட்டுவிட வேண்டும். பக்கத்துக் கடையில் நிற்கிறவனுக்கு என்ன கிடைக்கிறது என்பது தகவல்; அதைத் தெரிந்துவைத்திருக்கலாம். ஆனால் அதைச் சுமந்துகொண்டு போனால் பேச்சு நம் உழைப்பைப் பற்றியதாக இல்லாமல் அவனைப் பற்றியதாக ஆகிவிடும், குரலிலும் பொறாமையின் புளிப்பு ஏறும். அடுத்து, செய்த வேலையை ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். அவருக்குக் காட்ட அல்ல, நமக்கே. கடையைத் திறந்தது, பூட்டியது, முதலாளி ஆஸ்பத்திரியில் இருந்த வாரம் கல்லாவைப் பார்த்துக்கொண்டது, சிங்களத்திலும் தமிழிலும் வாடிக்கையாளரிடம் பேசி அனுப்பியது. எழுதும்போது சில வரிகள் தாமாகவே அடிபட்டுப் போகும். நாம் பெரிதாக நினைத்திருந்த சில, எழுதினால் சின்னதாகிவிடும். நினைவிலேயே இல்லாத சில பெரிதாக எழுந்து நிற்கும். தன்னைப் பற்றிய இந்தக் கணக்கு பொய்யில்லாமல் இருந்தால், அதன் பிறகு மனம் அதிகம் நடுங்குவதில்லை.

நம் கஷ்டத்தைச் சொல்லிக் கேட்பதா, வேலையைச் சொல்லிக் கேட்பதா என்பது நம்மிடையே பழைய கேள்வி. பிள்ளைக்கு ஸ்கொலர்ஷிப் வகுப்பு, அம்மாவுக்கு மருந்து, அரிசி விலை எல்லாம் உண்மைதான், சொன்னால் தவறில்லை. ஆனால் அவற்றை முன்னால் வைத்தால் எதிரில் இருப்பவர் நம்மை இரங்கத்தக்கவராகப் பார்க்க ஆரம்பிப்பார், இரக்கத்தால் கொடுக்கிற கை ஒரு நாள் களைத்துவிடும். வேலையை முன்னால் வைத்தால் அவருக்கு நம்மை மதிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கிறது. முதலாளி என்றோ, மாத்தையா என்றோ, சேர் என்றோ வழக்கமாகக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டு, இவ்வளவு வேண்டும் என்று தொகையைச் சொல்லிவிட்டு, நிறுத்திவிட வேண்டும்.

அந்த நிறுத்தம் இருக்கிறதே, அதுதான் கடினம். தொகையைச் சொன்னதும் அறையில் ஓர் அமைதி விழும். அதைத் தாங்க முடியாமல் நாமே பேசி, 'முடியாவிட்டால் பரவாயில்லை, கொஞ்சம் குறைத்தாலும்...' என்று நம் காலை நாமே வாரிக்கொள்கிறோம். அந்தச் சில கணங்களில் ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குப் பல வருடத் தியானம் உதவும் என்று நினைக்கிறேன். மந்திரத்துக்கும் மந்திரத்துக்கும் இடையில் உள்ள மௌனத்தில் தங்கச் சொல்கிறார்களே, கேள்விக்கும் பதிலுக்கும் இடையில் உள்ள இந்த மௌனமும் அதே வகைதான். அங்கே நாம் யார் என்பது நன்றாகத் தெரியும். பயம் எழும், போகும். 'என்னைப் பற்றி என்ன நினைப்பார்' எழும், போகும். சொன்ன தொகை மட்டும் மேசைமேல் இருக்கும்.

இல்லை என்றே அவர் சொல்லக்கூடும். சின்னக் கடைக்காரருக்குக் கரண்ட் பில்லும் வாடகையும் வட்டியும் இருக்கின்றன. அவருடைய இல்லைக்கும் சில நேரம் உண்மை இருக்கும். அந்தச் சொல் நம் வேலையின் விலையைப் பற்றியது. நம்மைப் பற்றியது அல்ல. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டவர் இல்லை என்ற பதிலைக் கேட்டுவிட்டும் தலைகுனியாமல் வெளியே வருவார். வேறு இடம் தேடுவதா, இங்கேயே இருந்து மறுபடி கேட்பதா என்று அமைதியாக முடிவெடுப்பார். கோபத்தில் எடுத்த முடிவுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஆறு மாதம் கழித்துத் தெரியும்.

வழிபாடு ஒரு பக்கம், உரிமை கேட்பது இன்னொரு பக்கம் என்று பிரித்துவைக்கிறவர்களுக்கு 1986 தைப்பொங்கலை நினைவூட்ட விரும்புகிறேன். ஜனவரி 14. சௌமியமூர்த்தி தொண்டமானின் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் பிரார்த்தனைப் போராட்டம் என்று ஒன்றை அறிவித்தது. காலையில் வேலைக்குப் போகாமல் நண்பகல் வரை தொழிலாளர்கள் பிரார்த்தனை செய்ய வேண்டும். மூன்று மாதத்துக்கு அப்படி. கேட்டது சம்பளம் அல்ல, அதைவிட அடிப்படையானது: நாடற்றவர்களாக நின்றவர்களுக்குக் குடியுரிமை. 1948இல் பறிபோனதைத் திரும்பக் கேட்டார்கள். கோஷம் இல்லை, கல் இல்லை. தோட்டக் கோயில்களில் தேவாரமும் பஜனையும். கொழுந்து மலையில் முற்றிக்கொண்டிருந்தது. பிரார்த்தனையைத் தடுக்க எந்தச் சட்டத்திலும் வழியில்லை; பிரார்த்திக்கிறவர் வேலை செய்யாதபோது தோட்டத்துக்கு இலாபமும் இல்லை. மூன்று மாதமும் தொடர அவசியம் வரவில்லை. அவ்வருடமே 94,000 பேருக்குக் குடியுரிமை வழங்கச் சட்டம் வந்தது.

அன்று அவர்கள் அம்மனைக் கும்பிட்டார்களா, அரசாங்கத்திடம் கேட்டார்களா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. இரண்டுக்கும் குரல் ஒன்றாகத்தான் இருந்தது. அம்மனிடம் கேட்கும்போது இருக்கிற அந்தத் தடையற்ற நாக்கோடு அதிகாரத்திடமும் கேட்டார்கள். அம்மனுக்கு நேர்த்தி வைக்கும்போது நாம் நாளும் தொகையும் குறித்துத்தானே வைக்கிறோம்? மாசி மகம், பால்குடம், இத்தனை பேருக்கு அன்னதானம் என்று துல்லியமாகச் சொல்கிறோம். அந்தத் துல்லியத்தை முதலாளியின் அறைக்குள் கொண்டுபோகத்தான் தயக்கம்.

ஆகவே அவர் 'பார்ப்போம்' என்று சொன்னால், அதையும் கும்பிட்டு வாங்கிக்கொண்டு திரும்பிவிட வேண்டாம். 'சரி முதலாளி, எந்தத் திகதியில் வந்து கேட்கட்டும்?' என்று கேட்டு, அந்தத் திகதியை அவர் கண்ணெதிரிலேயே கடைச் சுவரில் தொங்குகிற கலண்டரில் குறித்துவிட்டு வேலைக்குப் போகலாம்.